உள்ளிருந்து திறக்காத கதவு

ரொசாரியோவிலிருந்து சால்டாவுக்கு
ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர்.
தம்பியின் இரண்டாவது மகளுக்குக் கல்யாணம்.
விமானத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு
காய்கறிக் கடைக்காரரிடம் வேன் இரவல் வாங்கினோம்.
வெங்காய வாசனை இலவசம்.

சாவியைத் தரும்போதுதான் சொன்னார்:
பக்கவாட்டுக் கதவு உள்ளிருந்து திறக்காது,
யாராவது இறங்கிப் போய்த் திறந்துவிட வேண்டும்.

யார் எங்கே உட்காருவதென்று
நானும் ஃபாபியானும் ஒரு வாரம் தாளில் வரைந்தோம்.
அப்பாவும் அம்மாவும் பிரிந்து இருபத்திரண்டு வருஷம்.
பேச்சு நின்று அதைவிட ஒரு வருஷம் கூட.
அப்பாவுக்கு முட்டி மடங்காது, ஆகவே முன்சீட்.
அம்மாவுக்கு அவர் பிடரி தெரியக்கூடாது, ஆகவே கடைசி வரிசை.
நடுவில் தம்பி, சில்வானா, பிள்ளைகள், பிள்ளையின் பிள்ளை,
அதன் மூட்டை மூட்டையான டயாப்பர்.

ஓட்டுவது நான்.
இறங்கிச் சுற்றிப் போய்க் கதவைத் திறக்க வேண்டியவர்
முன்சீட்டில் இருப்பவர்.
தாளில் இது தெரியவில்லை.

மாத்தே குடுவை கைமாறிக்கொண்டே வந்தது.
எல்லாருக்கும் ஒரே உறிஞ்சுகுழல்.
அம்மா தன் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டாள்.
சாலையோரம் செங்கொடி கட்டிய சின்னக் கோவில்,
ஹாரன் அடிக்காமல் கடந்தால் ஆகாது.
அப்பா என் கைக்குக் குறுக்கே நீட்டி அடித்தார்.
"மூடநம்பிக்கை" என்றாள் அம்மா,
ஜன்னலிடம்.

கோர்டோபாவில்
அப்பா இறங்கினார், சுற்றி வந்தார், இழுத்தார்.
மூட்டையவிழ்ந்த உருளைக்கிழங்காய் எல்லாரும் உருண்டார்கள்.
கடைசியாக அம்மா, கைப்பையை மார்போடு அணைத்து,
லிஃப்ட்காரனைக் கடப்பதுபோல் அவரைக் கடந்தாள்.
தேவாலயத்தின் மரக்கூரை
கவிழ்த்து வைத்த கப்பல்.
அதன் கீழே அண்ணாந்து ஒருவர், இருபது தப்படி தள்ளி இன்னொருவர்.
இருவரும் ஒரே படத்தில் விழாமல் எடுக்க
ரோசியோவுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

சந்தியாகோ தெல் எஸ்தேரோவில் நாற்பத்தொரு டிகிரி.
மதிய உறக்கத்தில் ஊரே ஷட்டரை இறக்கியிருந்தது.
ஐஸ்கிரீம் கடை ஒன்றுதான் விழித்திருந்தது.
கதவு திறந்ததும் லௌதாரோ பாய்ந்தான், பின்னாலேயே கூட்டம்.
ஃபாபியான் எண்ணினான்: எட்டு.
கைக்குழந்தையை
ரோசியோ இடுப்பில் ஒருமுறை, சில்வானா இடுப்பில் ஒருமுறை
எண்ணியிருக்கிறான்.

சதுக்கத்தில் பாதி தூரம் போனபோது
அப்பா நின்றார். திரும்பினார்.
அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது,
ஆனாலும் ஓடினார்.

கதவை இழுத்தபோது
கன்னத்தில் சீட்டுத் தையலின் தடத்தோடு
அம்மா அப்போதுதான் விழித்திருந்தாள்.
"தாமதம்" என்றாள்.
இருபத்துமூன்று வருஷத்தில் ஒரு சொல்.

கடையில் அப்பா இரண்டு கோப்பை வாங்கினார்.
எலுமிச்சையை அவர் தின்றார்.
சாக்லேட்டை யாருக்கென்று சொல்லாமல் மேசையில் வைத்தார்.
அது பாதி உருகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
அம்மா ஸ்பூனைத் தேடினாள்.

துக்குமானில்
நாட்டின் விடுதலையை அறிவித்த வீட்டை
வெளியிலிருந்து பார்த்தோம். டயாப்பர் மாற்றும் நேரம்.

கல்யாணம் நன்றாக நடந்தது.
எம்பனாடா தீர்ந்துபோனது, மாப்பிள்ளையின் மாமா அழுதார்.
மறுநாள், இரவல் வண்டியை அப்படியே திருப்பித் தரக்கூடாதென்று
கைப்பிடியைப் பழுதுபார்க்கக் கொடுத்தேன்.
ஒரு ஸ்பிரிங். இருபது நிமிஷம்.
எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்:
இதோ, உள்ளிருந்தே.

திரும்பும் வழியில் மெத்தான், பெட்ரோல் பங்க்.
அப்பா இறங்கினார். சுற்றி வந்தார்.
கண்ணாடியில் பார்க்கிறேன்:
கைப்பிடிக்கு ஒரு சாண் தள்ளி
அம்மா நிற்கிறாள், முதுகு வளைந்து,
எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு.

அப்பாவின் கை நீள்வதற்குள்
புது ஸ்பிரிங்கின் பெருமையில் லௌதாரோ
சர்ரென்று இழுத்துவிட்டான்.

நீட்டிய கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?
மடங்காத முட்டியோடு எப்படியோ குனிந்து
பின் டயரை அழுத்திப் பார்த்தார் அப்பா.
அம்மா இன்னும் இறங்கவில்லை.

டயரில் காற்று சரியாகத்தான் இருந்தது.